பிபி மாத்திரை முதன்முறையாகக் கைக்கு வரும்போது

"உங்களுக்கு பிபி இருக்கிறது, இந்த மாத்திரையைத் தினமும் போடுங்கள்." டாக்டர் இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. வெளியே வந்த பிறகுதான் கேள்விகள் வரிசை கட்டும். காலையிலா, ராத்திரியிலா? சாப்பிடும் முன்பா, பிறகா? ஒரு நாள் மறந்துபோனால்? இனி ஆயுள் முழுக்கவா? ஒன்பது வருடத்துக்கு முன்பு நானும் அப்படி ஒரு சீட்டோடு வெளியே வந்து விழித்துக்கொண்டு நின்றேன். இன்று அதே இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டர் சொன்னதும் நான் எழுதியதும் வேறுபட்டால், அவர் சொன்னதையே கேளுங்கள்.

இந்த மாத்திரையிடம் ஒரு விசித்திரம் உண்டு. தலைவலி மாத்திரை போட்டால் தலைவலி போகும், அதனால் அதை நம்புகிறோம். பிபி மாத்திரையைப் போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாமல் விட்டாலும் ஒன்றும் தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதே உடம்பில் உறைக்காது. "இன்று உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒரு வேளையை விடுவதும், லேசாகத் தலை வலித்தால் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதும் இதனால்தான் நடக்கின்றன. இரண்டும் தப்பு.

மருந்தே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் பல வருடங்களாக ஏறிக்கொண்டே போனது. 1945 ஏப்ரல் 12 அன்று பின்தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொன்னவர் அப்படியே மயங்கினார். அப்போது அளந்தபோது 300க்கு 190. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அன்றே இறந்தார். நாட்டின் அதிபருக்கே கொடுக்க அன்று உருப்படியான மாத்திரை கிடையாது. தினமும் சிக்கலில்லாமல் விழுங்கக்கூடிய முதல் பிபி மாத்திரைகளில் ஒன்றான குளோரோதையசைடு 1958இல்தான் புழக்கத்துக்கு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டியவை

டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், சூரணம், லேகியம், சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

அப்புறம், கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் சில பிபி மருந்துகள் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். கவுட் எனப்படும் மூட்டுவலி இருந்தால் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டும். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், இதயத் துடிப்புப் பிரச்சினை ஆகியவற்றைச் சொல்லாமல் மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவே முடியாது. முன்பு எந்த மாத்திரைக்காவது உதடோ நாக்கோ வீங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கருவுற்றிருப்பவர்களும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் முதல் வாக்கியமாக இதைத்தான் சொல்ல வேண்டும். மிகப் பரவலாக எழுதப்படும் இரண்டு வகை பிபி மருந்துகள் (பின்னால் வரும் ப்ரில், சார்ட்டான் குடும்பங்கள்) வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்ப காலத்தில் பயன்படுத்த மெத்தில்டோபா, லபெட்டலால், நிஃபெடிபின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த மாதச் சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆண்கள் சொல்லத் தயங்கும் ஒன்றும் உண்டு. ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் சில்டனாஃபில் வகை மாத்திரைகள் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து, சில பிபி மருந்துகளோடு சேர்ந்தால் மயக்கம். டாக்டர் இதைப் பல பேரிடம் கேட்டவர், உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

அட்டையில் எந்தப் பெயரைப் படிப்பது

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. நான் இரண்டாவது வருடத்தில் வேறொரு டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பழைய மாத்திரையோடு சேர்த்துப் போட்டேன். பெயர் வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. நான்காம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவன் இரண்டடி நடந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாலையில் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சின்ன எழுத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, இரண்டிலும் ஒரே மருந்து. நான்கு நாட்களாக இரட்டை அளவு போயிருக்கிறது.

ஆகவே, சின்ன எழுத்தைப் படியுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயரின் வால் பகுதியே எந்த வகை என்று சொல்லிவிடும்.

'ப்ரில்' என்று முடிந்தால் ஒரு குடும்பம்: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். 'சார்ட்டான்' என்று முடிந்தால் அதன் பங்காளிக் குடும்பம்: லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான், வல்சார்ட்டான். 'டிபின்' என்றால் ரத்தக்குழாயைத் தளர்த்தும் கால்சியம் தடுப்பான்கள்: அம்லோடிபின், நிஃபெடிபின். 'லால்' என்றால் பீட்டா தடுப்பான்கள்: அட்டெனோலால், மெட்டோபிரோலால், பிசோப்ரோலால். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு ஆகியவை சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும் வகை. பேச்சுவழக்கில் 'நீர் மாத்திரை'.

ஒரே மாத்திரைக்குள் இரண்டு, மூன்று மருந்துகள் சேர்ந்தும் வரும். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஏதாவது ஓரிரண்டு எழுத்து ஒட்டியிருந்தால் பல நேரம் உள்ளே இன்னொரு மருந்தும் இருக்கிறது என்று பொருள். அந்த எழுத்து இல்லாத அட்டையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டால், உங்களுக்குப் பாதி மருந்துதான் போகிறது. அது வெளியே தெரியாது என்று முன்பே சொன்னேனே.

இரண்டு மருந்து எழுதினால் "எனக்கு அவ்வளவு மோசமா?" என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது சுமார் 5 மடங்கு கூடுதலாக அழுத்தத்தை இறக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பக்கவிளைவும் குறையும். அதனால்தான் பல டாக்டர்கள் தொடக்கத்திலேயே இரண்டைக் குறைந்த அளவில் எழுதுகிறார்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குணம்

உங்கள் மாத்திரையின் வால் தெரிந்தபின், எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ப்ரில் குடும்பத்தின் பெயர்போன தொல்லை வறட்டு இருமல். சளி இல்லாமல், தொண்டையில் ஏதோ நெருடுவது போல, ராத்திரியில் கூடுதலாக. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வரும். பிராடிகைனின் என்ற பொருளை இந்த மருந்து உடையவிடாமல் தடுப்பதால் அது சேர்ந்துபோய்த் தொண்டையைத் தூண்டுகிறது. இருமல் மருந்தை எத்தனை பாட்டில் குடித்தாலும் போகாது. டாக்டர் சார்ட்டான் வகைக்கு மாற்றிவிட்டால் சில வாரங்களில் தானே நின்றுவிடும். (இந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரை கேப்டோப்ரில், பிரேசிலில் வாழும் ஒரு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாம்புக்கடியில் ஏன் ரத்த அழுத்தம் விழுகிறது என்று யாரோ யோசித்ததன் பலனை நாம் தினமும் விழுங்குகிறோம்.)

இருமலைவிட முக்கியமானது அபூர்வமாக வரும் வீக்கம். உதடு, நாக்கு, முகம், தொண்டை வீங்கினால் அடுத்த வேளையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டவருக்கும் இது திடீரென்று வரலாம்.

ப்ரில், சார்ட்டான் இரண்டுமே ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. அதனால் தொடங்கிய சில வாரங்களுக்குள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்க மறந்தால் நீங்களே கேளுங்கள். இந்த இரண்டு குடும்பத்தையும் சேர்த்துச் சாப்பிடுவது பொதுவாக வழக்கம் இல்லை. உங்களிடம் இரண்டும் இருந்தால், இரண்டு டாக்டர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.

அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம். மாலையில் செருப்பு இறுகும், சாக்ஸின் தடம் பதிந்திருக்கும். அளவு கூடக்கூட இதுவும் கூடும். சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் வெளியே கசிவதால் வருவது இது. உடம்பில் நீர் சேர்ந்ததால் வந்தது இல்லை என்பதால் நீர் மாத்திரை போட்டாலும் பெரிதாகக் குறையாது. அளவைக் குறைப்பதும், ப்ரில் அல்லது சார்ட்டான் ஒன்றைச் சேர்ப்பதும்தான் டாக்டர்கள் செய்வது. ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மாத்திரை மேல் பழிபோட்டுவிட்டு இருக்காதீர்கள், அதற்கு வேறு காரணம் இருக்கலாம். சிலருக்கு ஈறு தடிக்கும், பல் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.

பீட்டா தடுப்பான்கள் நாடித்துடிப்பைக் குறைக்கும். கை கால் சில்லிடும், சோர்வாக இருக்கும். சர்க்கரைக்கு இன்சுலின் எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் சர்க்கரையைப் பாருங்கள்.

நீர் மாத்திரையைக் காலையில் போடுங்கள். ராத்திரியில் போட்டால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த வகை சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறக்கலாம். கெண்டைக்கால் பிடிப்பு, அசதி, வயதானவர்களுக்குத் தடுமாற்றம், குழப்பமான பேச்சு வந்தால் ரத்தத்தில் உப்பு அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். "வயசாயிடுச்சு, அதான்" என்று வீட்டில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

பிராசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பான் எழுதியிருந்தால் முதல் மாத்திரையைப் படுக்கப்போகும்போதுதான் போட வேண்டும். அந்த முதல் வேளையில் எழுந்து நின்றால் தடாலென்று விழவைக்கும் பழக்கம் அதற்கு உண்டு.

எப்போது, எப்படி விழுங்குவது

காலையா, மாலையா என்பது பெரிய விவாதமாக இருந்தது. பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான டைம் என்ற ஆய்வு இதைக் கிட்டத்தட்ட முடித்துவைத்தது. மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு எதிலும் இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே டாக்டர் குறிப்பிட்ட நேரம் சொல்லவில்லை என்றால், நீங்கள் மறக்காத நேரமே நல்ல நேரம். தினமும் தவறாமல் செய்கிற ஒன்றோடு அதை முடிச்சுப் போடுங்கள். எனக்குப் பல் தேய்ப்பதோடு. சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டால் விரதமோ பயணமோ வரும் நாளில் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

பெரும்பாலான பிபி மாத்திரைகளுக்கு உணவு ஒரு பொருட்டே இல்லை. விதிவிலக்குகள் உண்டு: கேப்டோப்ரில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, பெரிண்டோப்ரில் காலை உணவுக்கு முன்பு. உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மாத்திரையை உடைக்கலாமா? மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது. 24 மணி நேரத்தில் சிறுகச் சிறுக வெளிவர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் வந்துவிடும். மெட்டோபிரோலால், நிஃபெடிபின் ஆகியவற்றில் இந்த வகை மிகவும் சாதாரணம். நடுவில் கோடு போட்டிருந்தால் பாதியாக உடைக்கலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பொடியாக்குவது எப்போதும் வேண்டாம். சில நிஃபெடிபின் மாத்திரைகளின் காலி ஓடு மலத்தில் முழுசாக வெளியேறும். அதைப் பார்த்துவிட்டு "மாத்திரை செரிக்கவே இல்லையே" என்று இன்னொன்று போடாதீர்கள். மருந்து உள்ளேயே இறங்கிவிட்டது, வந்தது வெறும் கூடு.

மாத்திரைகளை அட்டையிலேயே வையுங்கள். குளியலறையின் ஈரம், சமையலறையின் சூடு இரண்டும் ஆகாது. வாரப் பெட்டியில் பிரித்துப் போடுவதானால் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். அட்டையில் மீதி பத்து இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். கடைசி மாத்திரை எப்போதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில்தான் தீரும்.

மறந்த வேளைக்கு விதி எளிது. நினைவு வந்ததும் போடுங்கள். ஆனால் அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கம்போல் போடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒருபோதும் வேண்டாம். போட்டேனா, இல்லையா என்றே சந்தேகம் வந்தால் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை விட்டுப்போவதைவிட இரட்டை வேளை ஆபத்து. இந்தச் சந்தேகம் வாரத்துக்கு ஒருமுறை வந்தால், ஏழு அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி வாங்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வீட்டில் அளப்பது

உடம்பு சொல்லாததைக் கருவி சொல்லும், ஒழுங்காக அளந்தால். பெரும்பாலான வீடுகளில் ஒழுங்காக அளப்பதில்லை. மாடிப்படி ஏறி வந்த சூட்டில், பேசிக்கொண்டே, சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி, கையை மடியில் போட்டுக்கொண்டு அளந்துவிட்டு "ஐயோ 165!" என்று அலறுகிறோம்.

முறை இதுதான். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை வெறும் மேல்கையில் சுற்றப்பட்டு, கை ஒரு மேசை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கை தாழ்ந்திருந்தால் அளவு ஏறிக் காட்டும். பட்டை உங்கள் கைக்குச் சிறியதாக இருந்தாலும் அப்படித்தான், கைபருமன் உள்ளவர்கள் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டுக் கருவியைவிட மேல்கைக் கருவி நம்பகமானது. அளக்கும்போது பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவரும் கேள்வி கேட்கக் கூடாது.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரை போடும் முன்பு, மாலையில் சாப்பிடும் முன்பு. இதைத் தினமும் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டாம், அதுவே ஒரு பதற்றமாகிவிடும். மாத்திரை தொடங்கிய, மாற்றிய காலத்திலும், டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய ஏழு நாட்களிலும் போதும். முதல் நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு மீதி ஆறு நாட்களின் சராசரியை எடுங்கள். மருத்துவமனையில் 140க்கு 90 என்பது வீட்டில் 135க்கு 85க்குச் சமம் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு எது இலக்கு என்பதை டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். வயது, சிறுநீரகம், சர்க்கரை எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும்.

பிடித்த எண்ணை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். நானும் அழகான 128களை மட்டும் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறேன். அவர் கருவியின் நினைவகப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். கருவிக்கு நினைவகம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முதல் சில வாரங்கள்

மாத்திரை போட்ட மூன்றாம் நாள் அளவு குறையவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். அம்லோடிபின் ரத்தத்தில் ஒரு நிலையான அளவை எட்டவே ஏழெட்டு நாள் ஆகும். பல மருந்துகளின் முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். அதற்குள் டாக்டரை மாற்றுவதோ அளவைக் கூட்டிக்கொள்வதோ வேண்டாம்.

பல மாதங்கள் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய உடம்பு, அளவு இறங்கியதும் கொஞ்சம் தள்ளாடும். படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுங்கள். வெந்நீர்க் குளியல், வெயிலில் நீண்ட நேரம் நிற்பது, மது ஆகியவை இதைக் கூட்டும். தலைச்சுற்றல் வரும்போது உட்கார்ந்த நிலையிலும், எழுந்து நின்றதும் ஒருமுறையும் அளந்து எழுதிவைத்தால் டாக்டருக்கு மிகவும் உதவும். விழுந்துவிடும் அளவுக்குச் சுற்றினால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். மயக்கம் வருகிறதா இல்லையா என்று தெரியும்வரை வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது.

கூடச் சேரக்கூடாத பொருட்கள்

சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரைகள்தான் முதல் எதிரி. ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பிபி மருந்தின் வேலையைக் கெடுக்கும். ப்ரில் அல்லது சார்ட்டானோடு நீர் மாத்திரையும் எடுப்பவர் இவற்றையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் ஆபத்து உண்டு. மூட்டுவலிக்காரர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. அதையும் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வடிவில் வாங்காதீர்கள். அப்படி ஒரு மாத்திரையில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கவும் சொல்லும் உச்ச அளவே 2,000 மில்லிகிராம்தான்.

மூக்கடைப்பைத் திறக்கும் சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஃபீனைலெஃப்ரின் ரத்தக்குழாயைச் சுருக்கும். கடையில் சளி மருந்து கேட்கும்போது "எனக்கு பிபி இருக்கிறது" என்ற மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதிமதுரம் இருமலுக்கு நல்லதென்று தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கி அழுத்தம் ஏறும், இதை மூலிகைதானே என்று விட்டுவிடுகிறோம். உப்புக்குப் பதில் விற்கும் 'சோடியம் குறைந்த' உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பொதுவாக நல்லதுதான், ஆனால் ப்ரில், சார்ட்டான், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கிரேப்ஃபுரூட் பழச்சாறு ஃபெலோடிபின், நிஃபெடிபின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து உடம்பில் நீர் வற்றும் நாட்களில் ப்ரில், சார்ட்டான், நீர் மாத்திரை ஆகியவற்றைச் சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு, சிறுநீரகத்தைக் காப்பாற்ற. நோய் வந்த பிறகு கேட்பதைவிட, நன்றாக இருக்கும்போதே "பேதி வந்தால் எதை நிறுத்த, எப்போது திரும்பத் தொடங்க?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பும் இதே கேள்வி.

அளவு நார்மல் ஆகிவிட்டது, நிறுத்தலாமா?

எல்லோரும் கேட்பது இது. 124க்கு 78 என்று காட்டுவது மாத்திரை வேலை செய்வதால். அது நின்றால் சில நாட்களில், சில வாரங்களில் அளவு பழைய இடத்துக்குத் திரும்பும். சில மருந்துகளில் இன்னும் மோசம். குளோனிடினைத் திடீரென்று விட்டால் ஓரிரு நாட்களிலேயே அழுத்தம் பழையதைவிட மேலே எகிறும். பீட்டா தடுப்பான்களைச் சட்டென்று நிறுத்தினால் இதயநோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்புகூட வரலாம். இவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எடை நன்றாகக் குறைந்து, உப்பைக் குறைத்து, மதுவை விட்டு, தினமும் நடந்து, அளவு தொடர்ந்து கீழேயே இருந்தால் டாக்டர் தானே மாத்திரையைக் குறைப்பார். அப்படிக் குறைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது நோட்டைப் பார்த்து எடுக்கும் முடிவு.

செய்தியைப் பார்த்து நிறுத்துவது இன்னொரு ரகம். 2018 ஜூலையில் சில கம்பெனிகளின் வல்சார்ட்டான் மாத்திரைகளில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற கலப்படம் இருப்பது தெரிந்து, பல நாடுகளில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். அப்போதுகூட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நோயாளிகளிடம் சொன்னது, மாற்று மருந்து கைக்கு வரும்வரை இருப்பதை நிறுத்தாதீர்கள் என்பதுதான். உங்கள் மாத்திரை பற்றிச் செய்தி வந்தால் அட்டையில் உள்ள தொகுதி எண்ணோடு மருந்துக்கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். அட்டையை வெட்டும்போது அந்த எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசிவரை வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு ஒத்துக்கிட்ட மாத்திரை எனக்கும் ஒத்துக்கும்" என்று என் சொந்தக்காரர் ஒருவர் ஒரு அட்டை கேட்டார். அவருக்கு ஆஸ்துமா. என்னிடம் இருந்தது 'லால்'.

எப்போது ஓட வேண்டும்

கருவி 180க்கு 120க்கு மேல் காட்டினால் முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே இருந்து, உடம்பில் வேறெந்தத் தொந்தரவும் இல்லை என்றால், அன்றே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாமாகக் கூடுதல் மாத்திரை போடக் கூடாது. நிஃபெடிபின் கேப்சூலை உடைத்து நாக்கின் கீழ் விடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் சரிந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் அதைக் கைவிட்டார்கள். யாராவது இன்னும் அதைச் சொன்னால் கேட்காதீர்கள்.

அந்த அளவோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, இதுவரை வராத கடுமையான தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறிகள் இருக்கும்போது கருவி எவ்வளவு காட்டினாலும் போகத்தான் வேண்டும். தானே வண்டி ஓட்டிப் போக வேண்டாம். போகும்போது மாத்திரை அட்டைகளையும் நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், கூட வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசியாக எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.